"பத்திரமாக இருக்கிறேன்" – ஸ்பானிஷ் மொழியில் எப்படிச் சொல்வது?

சிலி நாட்டின் வடக்கே அட்டகாமா என்றொரு பாலைவனம். அங்கே கொப்பியப்போ நகருக்கு அருகில் சான் ஹோசே என்ற செம்புச் சுரங்கம். 2010-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி அந்தச் சுரங்கம் உள்ளே சரிந்து, வெளியே வரும் வழி அடைபட்டுப் போயிற்று. உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் 33 பேர். 32 பேர் சிலி நாட்டவர். ஒருவர் பக்கத்து நாடான பொலிவியாவிலிருந்து பிழைக்க வந்தவர்.

பதினேழு நாட்கள் உள்ளேயிருந்து எந்தத் தகவலும் இல்லை. சுரங்க வாயிலில் கூடாரம் அடித்துக்கொண்டு மனைவி மக்களும் பெற்றோரும் காத்துக் கிடந்தார்கள். மீட்புக் குழுவினர் பாறையைத் துளைத்துத் துளைத்துத் தேடினார்கள். ஆகஸ்டு 22-ந் தேதி, ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் ஒரு துளை வெற்றிடத்தைத் தொட்டது. துளைக் கருவியை மேலே இழுத்தபோது அதில் ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி:

"எஸ்தாமோஸ் பியென் என் எல் ரெஃபூஹியோ, லோஸ் 33."

"புகலறையில் நலமாக இருக்கிறோம், 33 பேரும்" என்று பொருள். ரெஃபூஹியோ என்பது, விபத்து நேர்ந்தால் ஒதுங்குவதற்காகச் சுரங்கத்துக்குள்ளேயே அமைத்திருந்த அறை.

இந்த வரியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஆபத்து நீங்கிப் பத்திரமாக இருக்கிறோம்" என்று சொல்ல ஸ்பானிஷ் மொழியில் 'ஆ சால்வோ' என்ற சொல் இருக்கிறது. மிகச் சாதாரணமான சொல். ஆனால் அது அந்தக் காகிதத்தில் இல்லை. இருந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். புகலறையில் வைத்திருந்த உணவு சில நாட்களுக்கே போதுமானது. அதைத்தான் கரண்டி கரண்டியாகப் பங்கிட்டு இத்தனை நாள் ஓட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் 700 மீட்டர் பாறை. உயிரோடு இருந்தார்கள், ஒதுங்க இடம் இருந்தது, அவ்வளவுதான். ஆபத்து தீரவில்லை.

அது தீர்ந்தது அக்டோபர் 13-ந் தேதி. சிக்கிக்கொண்ட 69-வது நாளில் குறுகலான இரும்புக் கூண்டு ஒன்றில் ஒருவர் பின் ஒருவராக 33 பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் 'ஆ சால்வோ' என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தியது.

புகலிடம் கிடைத்திருப்பது வேறு, தப்பித்திருப்பது வேறு. இந்த இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனிச் சொல்லால் குறிக்கிறது ஸ்பானிஷ். இரண்டு மட்டுமல்ல, பத்துப் பன்னிரண்டு சொற்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவற்றில் எதை எங்கே எடுப்பது என்பது சுவையான விஷயம். சில சமயம் உயிர் போகிற விஷயமும் கூட.

நமக்கும் இது புதிதல்ல

20 நாடுகளில் ஆட்சிமொழியாகவும், ஏறக்குறைய 50 கோடிப் பேருக்குத் தாய்மொழியாகவும் இருப்பது ஸ்பானிஷ். அலுவலக வேலைக்காகவும், கப்பல் வேலைக்காகவும் இன்று நம் நகரங்களில் பலர் அதைப் படிக்கிறார்கள். படிக்கிறவர் முதலில் தடுக்கி விழும் இடங்களில் இது ஒன்று. ஆங்கில அகராதியில் 'சேஃப்' என்ற சொல்லைத் தேடினால் ஸ்பானிஷ் சொற்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒன்றுதானே என்று முதல் சொல்லை எடுத்துக்கொண்டு போகிறார் மாணவர். அங்கேதான் வினை.

தமிழர்களாகிய நாமும் இப்படிப் பல சொற்களை வைத்துக்கொண்டுதான் புழங்குகிறோம். பிள்ளையை ஊருக்கு அனுப்பும்போது "பத்திரமாகப் போய் வா" என்கிறோம். மழை வந்தால் கடைத் தாழ்வாரத்தில் "ஒதுங்குகிறோம்". புது ஊரில் மாமா வீட்டை "அண்டி" இருக்கிறோம். எதிரிக்கு அஞ்சி ஓடி வந்தவனுக்கு "அடைக்கலம்" தருகிறோம். "மழைக்கு அடைக்கலம் புகுந்தேன்" என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஏன் என்று கேட்டால் சட்டென்று விடை சொல்லத் தெரியாது. காது பழகியிருக்கிறது. வேற்று மொழியில் அந்தக் காது நமக்கு இல்லை. எனவே விளக்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

'செகூரோ' – கவலையற்றவன்

வரிசையில் முதலில் நிற்கும் சொல் 'செகூரோ'. லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'சே' என்றால் இல்லாமல். 'கூரா' என்றால் கவலை. கவலை இல்லாதவன் எவனோ அவன் செகூரோ.

கவலை இல்லாமைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆபத்து இல்லை என்பது ஒன்று. சந்தேகம் இல்லை என்பது இன்னொன்று. ஆகவே இந்த ஒரே சொல்லுக்குப் 'பாதுகாப்பான' என்றும் பொருள், 'நிச்சயமான' என்றும் பொருள். எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுப்பது பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்.

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஒரு பொருளின் இயல்பைச் சொல்ல 'ஸேர்'. அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்'. தமிழில் 'பாதுகாப்பானது' என்பதற்கும் 'பாதுகாப்பாக இருக்கிறது' என்பதற்கும் உள்ள வேற்றுமையை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். "எஸ்தே பார்ரியோ எஸ் செகூரோ" என்றால் "இந்தப் பேட்டை பாதுகாப்பானது". குடிவருமுன் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது. ஆனால் "எஸ்தோய் செகூரோ" என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் காதில் பெரும்பாலும் விழுவது "எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்பதுதான்.

2017-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி மெக்ஸிகோ நகரத்தைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. 1985-ம் ஆண்டிலும் இதே செப்டம்பர் 19-ந் தேதிதான் அந்த நகரம் ஆயிரக்கணக்கில் உயிர்களைப் பறிகொடுத்தது. இப்படிப்பட்ட ஒரு நாளில், அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைபேசி நூலிழையில் கிடைக்கிறது. "எஸ்தோய் செகூரோ" என்று கத்துகிறார். மறுமுனையில் இருப்பவர் "எதைப் பற்றி நிச்சயம்?" என்று கேட்கிறார். இணைப்பு அறுந்து போகிறது. அவர் சொல்லியிருக்க வேண்டியது "எஸ்தோய் ஆ சால்வோ". இன்னும் எளிதாக "எஸ்தோய் பியென்", அதாவது "நலமாக இருக்கிறேன்". சிலிச் சுரங்கத்தார் எழுதியதும் இதுவே.

"இங்கே" என்று இடத்தைச் சேர்த்து "ஆக்கீ எஸ்தோய் செகூரோ" என்றால் "இங்கே எனக்குப் பயமில்லை" என்று பொருள்படும். "மே சியெந்தோ செகூரோ" என்றால் "பயமின்றி உணர்கிறேன்". ஆகவே எஸ்தாருடன் இந்தச் சொல் வரவே கூடாது என்பதில்லை. துணைக்கு வேறு சொல் இல்லாமல் தனியாக அனுப்பினால் வழி தவறிப் போகும்.

காப்பீடும் காவலும்

இதே 'செகூரோ' பெயர்ச்சொல்லாக வரும்போது இன்ஷ்யூரன்ஸைக் குறிக்கும். மெக்ஸிகோவில் 1943-ம் ஆண்டு தொழிலாளர்களுக்கான சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பட்டது. அங்கே சாதாரண மக்கள் அதை 'எல் செகூரோ' என்று சுருக்கியே சொல்கிறார்கள். நம் தொழிலாளி "இ.எஸ்.ஐ.க்குப் போகிறேன்" என்றால் மருத்துவமனை என்று புரிகிறதல்லவா? அதே போல அங்குள்ளவர் "செகூரோவுக்குப் போகிறேன்" என்பார். காப்பீடு பெற்ற தொழிலாளி 'அசெகுராதோ'.

ஆனால் இந்த அசெகுராதோவுக்கு இன்னொரு முகம் உண்டு. மெக்ஸிகோவில் போலீசார் துப்பாக்கிகளையோ போதைப் பொருளையோ கைப்பற்றினால், பத்திரிகைகள் இதே வினையைத்தான் போடும். பொருளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வட அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகும் வழியில் மெக்ஸிகோவுக்குள் ஆவணமின்றி வந்து பிடிபட்டு அடைக்கப்பட்ட ஏழைகளையும், 2011-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வரும் வரை, அரசாங்க ஏடுகள் 'அசெகுராதோ' என்றே குறித்தன. சொல்லுக்கு நேர்ப்பொருள் பார்த்தால் "பத்திரப்படுத்தப்பட்டவர்". கம்பிக்குப் பின்னால் இருப்பவருக்கும் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கும் ஒரே பெயர்!

நம் ஊரிலும் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவரைப் 'பாதுகாப்புக் கைதி' என்று பத்திரிகைகள் எழுதிய காலம் உண்டு. யாருடைய பாதுகாப்பு? அந்தக் கேள்வியைச் சொல் விழுங்கிவிடுகிறது. பாதுகாப்பைக் குறிக்கும் சொல்லைக் கேட்டவுடன் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

'சால்வோ' – தப்பிப் பிழைத்தவன்

'சால்வோ' என்பதும் லத்தீன் சொல்லின் வழி வந்ததே. கேடு எதுவும் நேராமல் முழுதாக இருப்பவன் என்பது கருத்து. 'சல்வவீதாஸ்' என்றால் உயிர் காக்கும் மிதவைச் சட்டை. எல் சல்வதோர் என்ற நாட்டின் பெயருக்கே 'மீட்பர்' என்று பொருள்.

இந்தச் சொல் இரண்டு தொடர்களில் அதிகம் வரும். ஒன்று 'ஆ சால்வோ'. ஆணானாலும் பெண்ணானாலும், ஒருவரானாலும் பலரானாலும் இது மாறாது. இன்னொன்று 'சானோ இ சால்வோ', அதாவது உடலுக்கும் ஊறில்லை, உயிருக்கும் ஊறில்லை. இது ஆளுக்குத் தக்கபடி மாறும். பெண்ணானால் 'சானா இ சால்வா'. பலரானால் 'சானோஸ் இ சால்வோஸ்'. கடலில் காணாமல் போன மீனவர் கரை சேர்ந்தால், கடத்தப்பட்ட குழந்தை மீண்டு வந்தால், இந்தத் தொடர் தலைப்புச் செய்தியில் வரும்.

வழக்கமான ரயில் பயணம் முடிந்து வீடு சேர்ந்தவன் 'சானோ இ சால்வோ' என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். வழியில் கொள்ளையா, வெள்ளமா என்று கேட்பார்கள். அவன் சொல்ல வேண்டியது "யெகே பியென்", "நல்லபடியாக வந்து சேர்ந்தேன்" என்பதே. ஆபத்து ஒன்று இருந்து, அதைக் கடந்து வந்தவனுக்கே சால்வோ.

இதே சொல்லுக்கு 'தவிர' என்றும் பொருள் உண்டு. "தோதோஸ் சால்வோ ஊனோ" என்றால் "ஒருவரைத் தவிர எல்லோரும்". விபத்துச் செய்தியைக் கேட்கும்போது இந்தச் சொல் தனியாகக் காதில் விழுந்தால் மகிழ்ந்துவிடாமல் முழு வாக்கியத்தையும் கேட்பது நல்லது.

வெயிலும் மழையும் குளிரும்

வானிலையிலிருந்து காக்கும் சொற்கள் தனிக் குடும்பம். அதில் மூத்தது 'அப்ரிகாதோ'. குளிர், காற்று ஆகியவற்றிலிருந்து மறைவாக, கதகதப்பாக இருப்பது. 'அப்ரீகோ' என்றால் மேல்கோட்டு. குளிர்காலத்தில் பிள்ளை வெளியே கிளம்பும்போது ஸ்பானிய அம்மா "அப்ரீகாதே!" என்பாள். "நன்றாகப் போர்த்திக்கொண்டு போ" என்று பொருள். மலைகள் சூழ்ந்து, புயல் தாக்காமல் கப்பல்கள் நிற்கக்கூடிய துறைமுகமும் அப்ரிகாதோதான்.

இந்தச் சொல்லின் வேர் நமக்கு வியப்பூட்டும். லத்தீன் மொழியில் 'அப்ரிகாரே' என்றால் வெயிலில் காய்ந்து சூடேற்றுவது. குளிர் நாட்டுக்காரனுக்குச் சுவரோரத்தில் வெயில் விழும் மூலைதான் காப்பான இடம். நமக்கோ காப்பு என்றால் நிழல். "அவர் நிழலில் வளர்ந்தேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நம் சொல் வெயிலுக்கு அஞ்சிப் பிறந்தது. அவர்கள் சொல் வெயிலைத் தேடிப் பிறந்தது. ஆனாலும் நிழலின் அருமையை ஸ்பானியரும் அறியாதவர்கள் அல்லர். நல்ல மரத்தை அண்டியவனுக்கு நல்ல நிழல் கிடைக்கும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

அந்தப் பழமொழியில் வரும் வினை 'கொபிஹார்'. மேலே போர்த்தி மூடிக் காப்பது. அதிலிருந்து 'கொபிஹாதோ'. மெக்ஸிகோவில் 'கொபீஹா' என்றால் போர்வை. கோழி தன் சிறகுக்குள் குஞ்சுகளை அணைத்துக்கொள்கிறதே, அந்த எண்ணம் இந்தச் சொல்லில் இருக்கிறது. குடும்பத்தின் அரவணைப்பில் இருப்பவனையும் இப்படிச் சொல்லலாம்.

மழைக்கு ஒதுங்கியவன் 'குவாரெசீதோ'. நம் 'ஒதுங்கு' என்ற சொல்லுக்கு நேர் இணை. மழை விடும் வரை நின்றுவிட்டுப் போய்விடுவான். அங்கேயே குடியிருக்க மாட்டான். தற்காலிகம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்று 'ரெஸ்குவர்தாதோ'. நடுவில் ஒரு தடுப்பு இருந்து காப்பாற்றுவது. பாறைக்குப் பின்னால் நிற்பவனும், பெட்டிக்குள் வைத்த கண்ணாடிச் சாமானும் ரெஸ்குவர்தாதோ. இதன் பெயர்ச்சொல் 'ரெஸ்குவார்தோ'. ஸ்பெயினில் ஒரு பொருளை ஒப்படைத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளும் ரசீதுக்கும், பணம் கட்டியதற்கான சீட்டுக்கும் இதுதான் பெயர். காப்பதும் ரசீதும் ஒரே சொல்லா என்று வியக்க வேண்டாம். 'பத்திரம்' என்ற நம் சொல்லையே பாருங்கள். பத்திரமாக வைப்பதும் பத்திரம். வீட்டுப் பத்திரமும் பத்திரம். ரசீதைத் தொலைத்துவிட்டு அல்லாடிய எந்த குமாஸ்தாவுக்கும் இந்த இரண்டும் ஏன் ஒன்று என்று விளக்க வேண்டியதில்லை.

'அம்பாரோ' – ஆள் துணையும் சட்டத் துணையும்

இதுவரை சொன்னவை சுவர், துணி, கூரை தரும் காப்பு. ஓர் ஆளோ, தெய்வமோ, சட்டமோ தரும் காப்புக்கு வேறு சொல் வேண்டும். அதுதான் 'அம்பாரோ'. அதைப் பெற்றவன் 'அம்பராதோ'. அது இல்லாதவன் 'தெஸம்பராதோ', திக்கற்றவன்.

1409-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி. ஸ்பெயினின் வலென்சியா நகரம். ஹோஃப்ரே என்ற பாதிரியார் தேவாலயத்துக்குப் பிரசங்கம் செய்யப் போய்க்கொண்டிருந்தார். தெருவில் பித்துப் பிடித்த ஒருவனைச் சிலர் கேலி செய்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தடுத்துக் காப்பாற்றினார். அன்றைய பிரசங்கத்தில், இப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஊரில் ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த வணிகர்கள் பொருள் கொடுத்தார்கள். மனநோயாளிகளுக்காக ஐரோப்பாவில் எழுந்த முதல் மருத்துவமனைகளில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. அதை ஒட்டி வளர்ந்த வழிபாட்டில் மாதாவுக்கு 'தெஸம்பராதோஸ்' அன்னை என்று பெயர் வந்தது. திக்கற்றவர்களின் தாய். இன்றும் வலென்சியா நகரின் காவல் தெய்வம் அவள்தான்.

கடல் கடந்து பெரு நாட்டுத் தலைநகர் லிமாவுக்கும் அந்தப் பெயர் போயிற்று. அங்கே 1912-ம் ஆண்டு திறந்த ரயில் நிலையத்துக்கே 'தெஸம்பராதோஸ்' என்று பெயர். மலைநாட்டிலிருந்து மூட்டையோடு வந்து இறங்கியவனுக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? இன்று அந்தக் கட்டடம் இலக்கிய இல்லமாக இருக்கிறது.

இந்தக் கருணைச் சொல்லைச் சட்டச் சொல்லாக்கிய பெருமை மெக்ஸிகோவுக்கு உரியது. அரசாங்கம் ஒருவனுடைய உரிமையை மீறினால், அவன் நீதிமன்றத்தை அணுகி 'அம்பாரோ' கேட்கலாம் என்ற முறை 1841-ம் ஆண்டு யுகத்தான் மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் வந்தது. 1847-ல் நாடு முழுவதற்கும் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, சான் லூயிஸ் பொதொசி மாநிலத்தில் மனுவேல் வெராஸ்தெகி என்பவரை மாநிலத்தை விட்டு வெளியேற்றும்படி ஆளுநர் உத்தரவிட்டார். அவர் நீதிமன்றம் போனார். சட்டம் இருந்ததே தவிர, அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் அப்போது எழுதப்படவில்லை. "ரூல்ஸ் இன்னும் வரவில்லை" என்ற பதிலை அலுவலகங்களில் கேட்டுப் பழகிய நமக்கு அந்த மனிதரின் நிலை புரியும். ஆனால் அது தடையாகாது என்று முடிவு செய்த நீதிபதி, 1849 ஆகஸ்டு 13-ந் தேதி அவருக்கு அம்பாரோ வழங்கினார். முதல் அம்பாரோத் தீர்ப்பு இது.

மெக்ஸிகோ நீதிமன்றத் தீர்ப்பின் மரபான வாசகத்தில் இரண்டு வினைகள் அருகருகே நிற்கும்: "அம்பாரா இ புரொத்தேஹே". 'புரொத்தேஹே' என்பது தாக்குதல் வராமல் தடுப்பது. முன்னே ஒரு கவசம் பிடிப்பது. தலைக்கவசம் அணிந்தவனும், தடுப்பூசி போட்டவனும், போலீஸ் காவல் பெற்ற சாட்சியும் 'புரொத்தெஹீதோ'. 'அம்பாரா' என்பது அதற்கும் மேலே. எளியவன் பக்கம் வலியவன் ஒருவன் வந்து நிற்பது. கவசம் பேசாது, துணை நிற்பவன் பேசுவான். அதனால்தான் தலைக்கவசம் அணிந்தவனை யாரும் அம்பராதோ என்பதில்லை.

ஸ்பெயினின் 1978-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலும் அம்பாரோ உண்டு. அர்ஜென்டினாவின் அரசியல் சட்டத்தில் 1994-ல் சேர்ந்தது. நம் நாட்டில் ரிட் மனு செய்யும் வேலையை அந்த நாடுகளில் இந்த ஒரு சொல் செய்கிறது.

ஓடி வந்தவனும் ஏற்றுக்கொள்ளப்பட்டவனும்

'ரெஃபுஹியாதோ' என்பவன் அகதி. சொல்லின் உள்ளே ஓட்டம் இருக்கிறது. எதற்கோ அஞ்சி ஓடி வந்தவன். வந்தவனைக் கதவு திறந்து சேர்த்துக்கொண்டால் அவன் 'அகொஹீதோ'. முதற்சொல் அவன் செய்ததைச் சொல்கிறது. இரண்டாவது, மற்றவர்கள் அவனுக்குச் செய்ததைச் சொல்கிறது. ரெஃபுஹியாதோக்கள் எல்லோரும் அகொஹீதோக்கள் ஆவதில்லை.

ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. விமானக் குண்டு வீச்சுக்கு அஞ்சி நகர மக்கள் தரைக்கு அடியில் 'ரெஃபூஹியோ' தோண்டினார்கள். அல்மெரியா நகரில் மட்டும் நான்கு கிலோ மீட்டருக்கு மேல் சுரங்கப் புகலிடங்கள். இன்று அவற்றைப் பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கலாம். போரில் குடியரசுத் தரப்பு தோற்றபோது லட்சக்கணக்கானோர் பிரான்சுக்குள் ஓடினார்கள். அங்கே ரெஃபுஹியாதோவாக முகாம்களில் முடங்கிக் கிடந்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரை, சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா 'வின்னிபெக்' என்ற பழைய கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1939 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தக் கப்பல் வல்பராய்சோ துறைமுகம் சேர்ந்தது. அங்கே அவர்கள் அகொஹீதோ ஆனார்கள்.

மெக்ஸிகோவும் பல ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் ஹோசே காவோஸ். மத்ரித் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர். வேலை கிடைத்தது, மரியாதை கிடைத்தது, மொழியும் அதே மொழி. இந்தச் சொற்களில் பல அவருக்குப் பொருந்தும். ஆனாலும் தம் நிலையைச் சொல்ல அவருக்கு எதுவும் போதவில்லை. 'தெஸ்தெர்ராதோ' என்றால் மண்ணை இழந்தவன். நான் மண்ணை இழக்கவில்லை, ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணுக்கு மாற்றி நடப்பட்டேன் என்று கருதி, 'திரான்ஸ்தெர்ராதோ' என்று ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். வெளிமாநிலத்தில் வேலையும் வீடும் வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு ரயில் டிக்கெட் முன்பதிவு நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு அவர் எதைத் தேடினார் என்று சொல்லாமலே புரியும்.

மூன்று கேள்விகள்

இத்தனை சொற்களையும் மனப்பாடம் செய்வது கடினம். மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். சரியான சொல் தானே வந்து நிற்கும்.

முதல் கேள்வி: ஆபத்து முடிந்துவிட்டதா? முடிந்தது என்றால் 'ஆ சால்வோ'. முடியவில்லை, ஒதுங்க இடம் மட்டும் கிடைத்திருக்கிறது என்றால் 'என் எல் ரெஃபூஹியோ'.

இரண்டாவது கேள்வி: எதிலிருந்து காப்பு? குளிர், காற்று என்றால் 'அப்ரிகாதோ'. மழை என்றால் 'குவாரெசீதோ'. தாக்குதல், நோய் என்றால் 'புரொத்தெஹீதோ'.

மூன்றாவது கேள்வி: காப்பது யார்? தடுப்பு ஒன்று என்றால் 'ரெஸ்குவர்தாதோ'. அன்பான வீடு என்றால் 'கொபிஹாதோ'. வலிய துணையோ சட்டமோ என்றால் 'அம்பராதோ'. கதவு திறந்தவர்கள் என்றால் 'அகொஹீதோ'.

'செகூரோ' என்ற முதல் சொல்லை இடத்துக்கும் பொருளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: பாதுகாப்பான தெரு, பாதுகாப்பான ஏணி, பாதுகாப்பான பூட்டு. பேசுகிறவர் பெண்ணானால் இவற்றின் கடைசி 'ஓ', 'ஆ' ஆகும்: அப்ரிகாதா, புரொத்தெஹீதா. 'ஆ சால்வோ' மட்டும் மாறாது.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. 'அப்ரிகாதோ' என்ற சொல்லின் கடைசியில் வரும் 'தோ'வை நாம் 'அது' என்பதில் வரும் தகரம் போல மெல்லச் சொன்னால், அது ஸ்பானியர் சொல்வதற்கு மிக அருகில் இருக்கும். ஆங்கில வழியில் படித்து 'டோ' என்று அழுத்த வேண்டியதில்லை.

இந்த மூன்று கேள்விகளும் ஸ்பானிஷ் படிப்பவருக்கு மட்டும் உரியவை அல்ல. முதலாளி "உனக்கு இங்கே முழுப் பாதுகாப்பு" என்று சொல்லும்போதும், தொழிற்சாலை வாசலில் "பாதுகாப்பே முதன்மை" என்ற பலகையைப் படிக்கும்போதும் கேட்டுப் பார்க்கலாம்: எதிலிருந்து? யாரால்? எது வரை?

நம்மில் பலர் ஊருக்குப் பேசும்போது முதல் வார்த்தை "நல்லா இருக்கேன்" என்பதுதான். தங்கும் அறை ஒழுகினாலும், சம்பளம் இரண்டு மாதம் நின்றிருந்தாலும் அதையே சொல்கிறோம். 700 மீட்டர் ஆழத்திலிருந்து அந்தத் தொழிலாளர்கள் எழுதியதும் அதே முதல் வார்த்தைதான். ஆனால் அடுத்த வார்த்தையில் எங்கே இருக்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். மேலே இருந்தவர்கள் அதைப் படித்து மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. இன்னும் தோண்ட வேண்டும் என்று புரிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.